இரண்டாம் இரவு: சி/2023 ஏ3 வால்வெள்ளியும் ஒரு கொழும்புக் குழுவும் (நிகழ்வு ஆய்வு)

2023 ஜனவரி 9ஆம் திகதி சீனாவின் ஊதாமலை வானாய்வகத்துக்குச் சொந்தமான ஷுயீ நிலையத் தொலைநோக்கி ஒரு மங்கலான புள்ளியைப் பதிவுசெய்தது. தகவல் அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள, சிறுகோள், வால்வெள்ளி அளவீடுகளை உலகெங்குமிருந்து சேர்க்கும் சிறுகோள் மையத்துக்குப் போனது. உறுதிப்படுத்த வேண்டிய பொருள்களின் பட்டியலில் மையம் அதைச் சேர்த்தது. அதன் பிறகு அந்தப் புள்ளியைத் தேடிப் பிடித்து இன்னோர் அளவீடு எடுத்தனுப்ப ஒருவரும் இல்லை. மூன்று கிழமை பொறுத்து, ஜனவரி 30ஆம் திகதி, தொலைந்துவிட்டது என்று கருதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பெப்ரவரி 22ஆம் திகதி தென்னாபிரிக்காவின் சதர்லாந்தில் அட்லஸ் தொலைநோக்கி 18ஆம் ஒளிப்பருமன் அளவில் (எண் கூடக் கூட மங்கல்) ஒரு பொருளைப் பிடித்தது. அட்லஸ் என்பது பூமியில் மோதக்கூடிய சிறுகோள்களை முன்கூட்டி அறிவதற்காக அமைத்த வலையமைப்பு. வால்வெள்ளி அதற்குப் பக்க வருமானம். இம்முறை பலர் தொடர்ந்து பார்த்தார்கள். பாதையைக் கணித்துப் பின்னோக்கி ஓட்டியபோது ஜனவரிப் புள்ளி அதே பாதையில் வந்து உட்கார்ந்தது. பழைய படங்களைக் கிளறியபோது, கலிபோர்னியாவின் பலோமர் மலையில் 2022 டிசெம்பர் 22ஆம் திகதி எடுத்த படங்களிலும் அது இருந்தது. அந்தப் படங்களில் 10 விகலை (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை) நீளத்துக்கு வால்கூடத் தெரிந்தது. வாலோடு நின்ற வால்வெள்ளி இரண்டு மாதம் கணினியில் கிடந்திருக்கிறது.

அதுதான் பின்னர் சி/2023 ஏ3 சுசின்ஷான்–அட்லஸ் என்று பெயர் பெற்று, 2024 ஒக்டோபரில் உலகம் முழுக்க வெறுங்கண்ணுக்குத் தெரிந்த வால்வெள்ளி. சுசின்ஷான் என்பது ஊதாமலையின் சீனப் பெயர். பெயரிலுள்ள ஏ என்பது ஜனவரி முதற்பாதியைக் குறிக்கிறது. கைவிட்டுப்போன அந்த முதல் பதிவுக்குரிய உரிமை அப்படித் திரும்பக் கிடைத்தது.

இந்த ஆய்வில் நான் நிறுவ முயல்வது ஒன்றுதான். வால்வெள்ளியைக் கண்டுபிடிப்பது முதல் இரவின் வேலை அல்ல, இரண்டாம் இரவின் வேலை. வெள்ளவத்தைக் கடற்கரையில் கூடும் எங்கள் சிறு குழுவுக்கு 2024 ஒக்டோபரில் நேர்ந்ததும் அதையே காட்டியது. குழுவில் சில பாடசாலை மாணவர், ஒரு வங்கி உத்தியோகத்தர், நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கணிதம் படிப்பிக்கும் நான். எங்களிடம் பெரிய தொலைநோக்கி கிடையாது.

ஓர் இரவு ஏன் போதாது

ஒரே இரவில் நாலைந்து படம் எடுத்தால் ஒரு பொருள் வானத்தில் எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது தெரியும். தூரம் தெரியாது. அருகே சோம்பலாக நகரும் ஒரு பாறையும் வியாழனுக்கு அப்பால் வரும் ஒரு வால்வெள்ளியும் அந்தச் சில மணி நேரத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளலாம். அந்தச் சில புள்ளிகளுக்கூடாகப் பொருந்தக்கூடிய பாதைகள் ஏராளம். சில நாள் கழித்து எந்த இடத்தில் தேடுவது என்பதே சந்தேகமாகிவிடும். ஒரு மாதம் போனால் தேட வேண்டிய பரப்பு தொலைநோக்கியின் பார்வைப்புலத்தை விடப் பல மடங்காகிவிடும். ஜனவரிப் புள்ளிக்கு நடந்தது அதுதான்.

இதை மாணவருக்கு விளங்கப்படுத்தியவர் எங்கள் அளவையாளர். எல்லோருக்கும் அவர் அங்கிள். “ஓர் இடத்தில நிண்டு கோணம் எடுத்தால் திசைதான் கிடைக்கும். தூரம் வேணுமெண்டால் அடிக்கோடு வேணும்” என்றார். வால்வெள்ளி விடயத்தில் அடிக்கோட்டை, அதாவது கோணம் எடுக்கும் இரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள கோட்டை, நாங்கள் இழுக்கத் தேவையில்லை. பூமி ஒரு நாளில் சூரியனைச் சுற்றி ஏறக்குறைய 26 இலட்சம் கிலோமீற்றர் நகர்ந்துவிடுகிறது. ஆகவே அடுத்த இரவு அதே மொட்டைமாடியில் நின்றாலும் வேறோர் இடத்திலிருந்துதான் பார்க்கிறோம். இரவுகள் சேரச் சேர அடிக்கோடு நீளும், பொருந்தும் பாதைகள் ஒவ்வொன்றாகக் கழியும்.

அட்லஸ் பிடித்தபோது ஏ3 சூரியனிலிருந்து 7.3 வானியல் அலகு (ஓர் அலகு பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரித் தூரம்) தூரத்தில், அதாவது நூறு கோடி கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தது. ஆனாலும் டிசெம்பர், ஜனவரி, பெப்ரவரி அளவீடுகள் ஒன்றுசேர்ந்ததும் அது 2024 செப்டெம்பர் இறுதியில் சூரியனுக்கு 0.39 வானியல் அலகு வரை நெருங்கும் என்பது தெரிந்துவிட்டது. ஒன்றரை வருடத்துக்கு மேல் முன்கூட்டியே சொன்ன கணக்கு அது. செப்டெம்பர் 27ஆம் திகதி வால்வெள்ளி அங்கே நின்றது.

இடம் கணக்கு, வெளிச்சம் ஊகம்

எங்கே வரும் என்பதைச் சொல்வதற்கும் எவ்வளவு பிரகாசமாக வரும் என்பதைச் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பத்திரிகைகள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் எழுதுவதுதான் எனக்கு எப்போதும் எரிச்சல்.

பிரகாசத்தைக் கணிக்க வழக்கமாகப் பயன்படும் சூத்திரத்தில் பூமியிலிருந்துள்ள தூரம் இருபடியாக வரும். அதில் சிக்கல் இல்லை. சூரியனிலிருந்துள்ள தூரம் எந்த அடுக்கில் வரும் என்பதுதான் பிரச்சினை. நாலாம் அடுக்கு என்று எடுப்பது வழக்கம். ஆனால் ஒவ்வொரு வால்வெள்ளிக்கும் அது மாறும், ஒரே வால்வெள்ளிக்கும் பயணத்தின் நடுவிலேயே மாறும். வால்வெள்ளியின் நடுவிலுள்ள திண்மக் கருவில் என்ன பனி இருக்கிறது, எவ்வளவு தூசு கிளம்புகிறது, கரு உடையுமா என்பதெல்லாம் அந்த ஓர் அடுக்குக்குள் ஒளிந்திருக்கின்றன.

2024 வசந்த காலத்தோடு ஏ3இன் பிரகாசம் எதிர்பார்த்தபடி ஏறாமல் தேங்கியது. ஜூலையில், வால்வெள்ளி ஆய்வில் நீண்ட அனுபவமுள்ள ஸ்டெனெக் செகானினா, இது சூரியனை நெருங்குமுன் சிதைந்துவிடும் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். வாலின் வினோத வடிவம், ஈர்ப்பால் மட்டும் விளக்கமுடியாத நகர்வு, தேங்கிப்போன பிரகாசம் என்று காரணங்களும் காட்டினார். 2013இல் ஐசோன் என்ற வால்வெள்ளி சூரியனைச் சுற்றும்போது கரைந்துபோனதை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அது நம்பக்கூடியதாகவே இருந்தது.

ஏ3 சிதையவில்லை. செகானினாவைக் கேலிசெய்ய இதில் ஒன்றுமில்லை என்பது என் கருத்து. சரியா பிழையா என்று மூன்று மாதத்துக்குள் வானமே தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரு கூற்றை அவர் எழுத்தில் வைத்தார். “நூற்றாண்டின் வால்வெள்ளி” என்று தலைப்புப் போட்டவர்கள் அப்படி எதையும் வைக்கவில்லை.

காலை மட்டக்களப்புக்கு, மாலை கொழும்புக்கு

செப்டெம்பர் கடைசி வாரத்தில் வால்வெள்ளி சூரியனுக்கு முன்னதாகக் கிழக்கில் எழுந்தது. கொழும்பில் கிழக்கு என்றால் கட்டடமும் வீதி விளக்கும். அந்தக் காட்சி பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் உரியது. தென்மேல் பருவக்காற்றின் வால்முனையில் அந்தக் கரைக்கு வானமும் ஓரளவு தெளிவாக இருக்கும். ஒக்டோபர் 12க்குப் பிறகு நிலைமை தலைகீழ். வால்வெள்ளி மாலையில் மேற்கே வந்தது. காலிமுகத்திடலிலிருந்து தெஹிவளை வரை மேற்கு எங்கும் கடல், அடிவானம் வரை தடையில்லை. நாடு முழுவதிலும் இந்த ஒரு விடயத்தில் கொழும்புக்காரருக்கு யோகம்.

அந்த நாட்களில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்து புது ஆட்சி வந்திருந்தது. வால்வெள்ளியையும் ஆட்சி மாற்றத்தையும் முடிச்சுப் போடாத சாப்பாட்டுக்கடை வெள்ளவத்தையில் இல்லை. ஆட்சி மாறுவதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்பே இது வரும் நாள் கணிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப இன்னும் நல்லது சேர், ஒண்டரை வரியத்துக்கு முந்தியே எழுதி வைச்சிருக்கு” என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

யோகத்தை மழை குழப்பியது. ஒக்டோபர் இரண்டாம் இடைப்பருவக் காலம். மாலை ஆனால் இடியும் மின்னலும் வழக்கம். அந்த வருடம் அதற்கும் மேலே போய் மேல் மாகாணத்தில் வெள்ளமே வந்தது. வால்வெள்ளி பூமிக்கு மிக அருகில், ஏறத்தாழ 7 கோடி கிலோமீற்றரில் வந்த 12ஆம் திகதியும் மறுநாளும் வானம் அடைத்துக் கிடந்தது. 14ஆம் திகதி கொழும்பிலும் புறநகரிலும் பாடசாலைகளை மூடினார்கள். அந்தத் திகதியை ஒட்டித்தான் பூமி வால்வெள்ளியின் பாதைத் தளத்தைக் கடந்தது. அப்போது பாதையில் சிதறிய தூசை விளிம்புப் பக்கமாகப் பார்ப்பதால், சூரியனை நோக்கி நீட்டியதுபோல் தோன்றும் எதிர்வால் வேறு நாடுகளின் படங்களில் தெரிந்தது. எங்கள் மாணவரில் இருவருடைய வீடுகளுக்குள் தண்ணீர். அவர்களிடம் வானத்தைப் பற்றிப் பேசுவதற்கு வாய் வரவில்லை.

மழைக்கு மேலே ஒரு கண்

ஆனால் தொடர்பு அறுந்துபோகவில்லை. ஒக்டோபர் 7 தொடக்கம் 11 வரை ஏ3, சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ சி3 கெமராவின் புலத்துக்குள் இருந்தது. 1995இல் ஏவிய சோஹோ பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி நின்று, சூரியனை ஒரு வட்டத் தகட்டால் மறைத்து, சுற்றியுள்ள பரப்பைப் படமெடுக்கிறது. படங்கள் எவரும் பார்க்கும்படி இணையத்தில் வரும். வெளியே கூரையில் மழை கொட்ட, நாங்கள் வட்ஸ்அப்பில் படங்களைப் பகிர்ந்துகொண்டு வால்வெள்ளியைப் பின்தொடர்ந்தோம்.

9ஆம் திகதியளவில் வால்வெள்ளியின் தலை அந்தக் கெமராவையே திணறடித்தது. பிக்சல்கள் நிரம்பி வழிந்து தலைக்கு இரு பக்கமும் வெள்ளைக் கிடைக்கோடு விழுந்திருந்தது. காரணம் முன்னோக்கிய ஒளிச்சிதறல்: வால்வெள்ளி சூரியனுக்கும் எங்களுக்கும் நடுவில் வந்தபோது அதன் தூசு சூரிய ஒளியை எங்கள் பக்கம் தள்ளியது. பின்னேரம் மேற்கு நோக்கி ஓடும் ஓட்டோவின் முன்கண்ணாடியில் அதுவரை தெரியாத தூசெல்லாம் எதிர்வெயிலில் பளிச்சென்று எழுமே, அதே சங்கதி. பிரகாசம் வெள்ளிக் கோளைத் தாண்டியது. அந்த நேரம் சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால் தரையிலிருந்து பார்த்தவர்கள் மிகச் சிலர்.

லாஸ்கோ படங்களைப் பின்தொடர்வதிலும் அதே இரண்டாம் பார்வை விதிதான். சி3 படமொன்றில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 56 விகலை. ஒரு படத்தில் புதிதாகத் தெரியும் வெண்புள்ளி பெரும்பாலும் கெமராவில் அடித்த அண்டக்கதிர். அடுத்த படத்தில் இருக்காது. விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு பாகையளவு ஒரே பக்கம் நகரும். இவை இரண்டிலும் சேராமல் பல படங்களில் தன்பாட்டுக்கு நகர்வதே வால்வெள்ளியாக இருக்க முடியும். இப்படி உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் தேடியதில் சோஹோவின் 5,000ஆவது வால்வெள்ளி 2024 மார்ச்சில் பதிவானது. 2015இல் 3,000ஆவதைக் கண்டவர் தாய்லாந்துக்காரர். எங்களைப் போலவே மழையும் மேகமும் உள்ள நாடு.

கெமராவின் மணிக்கூடு

16ஆம் திகதி மாலை மேகம் பிரிந்தது. மெரின் டிரைவின் விளக்குகளுக்கு முதுகைக் காட்டி, ரயில் பாதைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள கற்பாறைகளில் முக்காலியை நிறுத்தினோம். இடப்பக்கம் தாழ்வாக வெள்ளிக் கோள், வலப்பக்கம் சுவாதி விண்மீன். நடுவே எங்கோ வால்வெள்ளி. வெறுங்கண்ணுக்கு முதலில் பிடிபடவில்லை. பைனோகியூலரில் தலை தெரிந்ததும் மேலே வால் தானாக விரிந்தது. மறுநாள் வப் போயா, முழு நிலா. அன்றே நிலா பின்னால் எழும்பி நின்று வாலில் பாதியைத் தின்றுவிட்டது.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படத்தொகுதிக்கும் முன் அவன் தன் போனில் செக்கன் ஓடும் கடிகாரத்தைத் திறந்து, அதைக் கெமராவால் ஒரு படம் எடுத்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். “நேரம் வீணாகுது, வால்வெள்ளியை எடு” என்றார்கள். அவன் விடவில்லை: “சேர், கெமரா மணிக்கூடு பிந்திக் கிடக்கு. எவ்வளவு பிந்தினது எண்டு தெரியாட்டி இந்தப் படம் வெறும் வடிவுக்குத்தான்.”

அவன் சொன்னது எவ்வளவு சரி என்பதைக் கணக்குக் காட்டும். ஒக்டோபர் நடுப்பகுதியில் ஏ3 நாளொன்றுக்கு ஐந்து பாகை அளவில், அதாவது நிலாவின் அகலத்தைப் போல் பத்து மடங்கு, விண்மீன்களுக்கிடையே ஓடியது. செக்கனுக்கு 0.2 விகலை. மணிக்கூடு நாலு நிமிடம் பிந்தினால் வால்வெள்ளி 48 விகலை தள்ளி நிற்பதாகப் பதிவாகும். எங்கள் 50 மில்லிமீற்றர் வில்லையில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 18 விகலை. ஆக, மணிக்கூட்டுப் பிழை மட்டும் இரண்டரைப் பிக்சலுக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத பிழை, பாதைக் கணக்குக்குள் போனால் நஞ்சு. சிறுகோள் மையம் ஏற்கும் அளவீட்டில் ஒரு விகலைத் துல்லியமும் செக்கனுக்குக் குறைந்த நேரப் பிழையும் இருப்பது நல்லது. 50 மில்லிமீற்றர் வில்லையால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாது. அதை அன்றே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

எங்களால் ஒழுங்காகச் செய்யக்கூடியதாக இருந்தது பிரகாச மதிப்பீடு. வால்வெள்ளி புகைபோல் பரந்திருக்கும், விண்மீன் புள்ளியாக இருக்கும். இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. அதனால் வால்வெள்ளித் தலையின் சராசரி வெளிச்சத்தை மனதில் பதித்துக்கொண்டு, பைனோகியூலரைக் குவியம் கலைத்து விண்மீன்களை அதே பருமனுக்கு ஊதவைத்து ஒப்பிடுவார்கள். ஒப்பிடும் விண்மீன் ஏறத்தாழ அதே உயரத்தில் நிற்க வேண்டும் என்பது கொழும்பில் இரட்டிப்பு முக்கியம். அடிவானத்துக்கு மேல் 10 பாகையில் நிற்கும் பொருளின் ஒளி, உச்சியில் நிற்பதைக் காட்டிலும் ஐந்தரை மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதுவும் கடல் ஈரமும் வாகனப் புகையும் கலந்த காற்று.

நிலா பிந்தி உதிக்கத் தொடங்கிய 20ஆம் திகதிக்குப் பிறகு பாம்புத்தாங்கி மண்டலத்தில் ஏறிக்கொண்டிருந்த வால்வெள்ளியை இரண்டு மாலை பார்க்கக் கிடைத்தது. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது அங்கிளின் சட்டம். பார்த்த மூவரின் மதிப்பீடுகள் மூன்றாம் ஒளிப்பருமனை ஒட்டி, அரைப் பருமன் வித்தியாசத்துக்குள் விழுந்தன. புதியவர்களுக்கு அது மோசமில்லை. ஸ்லோவேனியாவின் சர்னி வர் வானாய்வகம் நடத்தும் கோப்ஸ் தரவுத்தளம் இப்படிப்பட்ட மதிப்பீடுகளைத்தான் உலகெங்குமிருந்து சேர்க்கிறது. செகானினா போன்றவர்கள் வாதாடும் அந்த அடுக்கு எண் அங்கிருந்துதான் பிறக்கிறது.

அதே மாதம் வந்த இன்னொன்று

ஏ3 சூரியனை நெருங்கிய அதே செப்டெம்பர் 27ஆம் திகதி ஹவாயிலிருந்து அட்லஸ் இன்னொரு வால்வெள்ளியைக் கண்டது: சி/2024 எஸ்1. அது சூரியனை உரசிக்கொண்டு போகும் கிரொய்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒக்டோபர் 28ஆம் திகதி லாஸ்கோ படங்களில் அது தலை கலைந்து தூசுக் கோடாகி, சூரியனை மறைக்கும் தகட்டுக்குப் பின்னால் போனது. மறுபக்கம் வெளியே வரவில்லை.

அதே குடும்பத்தில் 1965இல் வந்த இக்கேயா–செக்கி எப்படிப் பிழைத்தது என்று அங்கிள் கேட்டார். அந்த வருடம் சின்னப் பையனாக யாழ்ப்பாணத்தில் விடியப்புறம் எழுப்பிக் காட்டினார்களாம். முற்றத்தில் நின்று பார்த்த வால் இன்றைக்கும் மறக்கவில்லையாம். கருவின் பருமன்தான் பதில். இக்கேயா–செக்கியின் கரு சூரியனருகே சில துண்டுகளாக உடைந்தும் தாங்கும் அளவுக்குப் பெரிது, எஸ்1 சின்னது. கவோரு இக்கேயா, ட்சுடோமு செக்கி என்ற இரண்டு யப்பானிய ஆர்வலர்கள் 1965 செப்டெம்பர் 18ஆம் திகதி தனித்தனியே, சில நிமிட இடைவெளியில் அதைக் கண்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் உண்மை. ஆனால் 2019இல் சூரிய குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் வால்வெள்ளியைக் கண்டவர் கிரைமியாவில் தானே செய்த 65 சென்டிமீற்றர் தொலைநோக்கியோடு நின்ற கென்னடி போரிசோவ்.

மதிப்பீடு

குழுவுக்குள் ஒரு வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. பணம் சேர்த்துப் பெரிய தொலைநோக்கி வாங்க வேண்டும் என்பது வங்கி நண்பரின் கட்சி. நான் எதிர்க்கட்சி. நாட்டின் பெரிய தொலைநோக்கி, 1996இல் யப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த 45 சென்டிமீற்றர் கருவி, மொரட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தில் இருக்கிறது. பெரிய கருவி இல்லாததால் நாங்கள் தோற்கவில்லை. வானம் மூடியது, இருந்த சில மணி நேரத்தில் நேரக் குறிப்போடு எடுத்த படங்கள் குறைவு. அதற்கு மருந்து இன்னும் பெரிய ஆடி அல்ல.

சிலியில் ரூபின் வானாய்வகத்தின் 8.4 மீற்றர் தொலைநோக்கி 2025 ஜூனில் முதற் படங்களை வெளியிட்டது. முதல் பார்வை இனி பெரும்பாலும் அதனுடையதாகவே இருக்கும். இரண்டாம் பார்வையை அது தனியாகச் செய்ய முடியாது. சிலியில் விடிந்தால் வானம் அதற்குப் போய்விடும்; பொருள் சூரியனுக்கு அருகே தாழ்வாகப் போனால் அதன் அட்டவணைக்குள் பெரும்பாலும் வராது; பிரகாசமான வால்வெள்ளி அதன் கெமராவுக்கே கூடாது. 80 பாகைக் கிழக்கு நெட்டாங்கில், நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே, இரு அரைக்கோள வானமும் தெரியும் ஓர் இடத்திலிருந்து நம்பத்தகுந்த அளவீடு போனால் அதற்கு வேலை இருக்கும்.

அதற்கு முதற்படி சிறுகோள் மையத்திடம் அவதான நிலையக் குறியீடு பெறுவது. விண்ணப்பிக்கிறவர்கள் பாதை நன்கு தெரிந்த, இலக்கமிட்ட சிறுகோள்கள் சிலவற்றைக் குறைந்தது இரண்டு இரவுகள் அளந்து அனுப்ப வேண்டும். மையம் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்லும். இரவல் கிடைத்துள்ள நீள்குவிய வில்லையை மொட்டைமாடியில் பொருத்தி, ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், கொழும்பு வானம் வருடத்திலேயே அதிகம் திறந்திருக்கும் நாட்களில் அதைச் செய்வதாக இருக்கிறோம். நேரத்துக்குப் பொறுப்பு அந்தப் பையன்.